லினக்சில் வரைகலைப் பணிச்சூழலை நிறுவுதல்

லினக்சில் வரைகலைப் பணிச்சூழலை நிறுவுதல் என்பது, கட்டளை வரியில் இயங்கும் கட்டற்ற இயங்குதளம் ஒன்றில் சாளரம், படவுரு, சுட்டி ஆகியவற்றைக் கொண்டு பணியாற்றுவதற்கான மென்பொருள் அடுக்குகளை அமைப்பதாகும். விண்டோசில் வரைகலை இடைமுகம் இயங்குதளத்தோடு இணைந்தே வருகிறது. லினக்சில் அது தனி அடுக்காகும்; அது இல்லாமலும் கணினி முழுமையாக இயங்கும். வழங்கிக் கணினிகளுக்கு இது நன்மை. தமிழில் கணினியைப் பயன்படுத்த விரும்பியவர்களுக்கோ இதுவே நீண்ட காலம் பெருந்தடையாக இருந்தது.

அடுக்குகள்

அடியில் கருனியும் வரைகலை அட்டைக்கான இயக்கியும் உள்ளன. அவற்றின் மேல் எக்ஸ் சாளர முறைமை இயங்குகிறது. இது 1984இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. இதன் 11ஆம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. அதற்கும் மேல் சாளர மேலாளரும், கே.டி.ஈ (1996இல் தொடக்கம்), குனோம் (1997இல் தொடக்கம்) போன்ற பணிச்சூழல்களும் அமைகின்றன. ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு குழுவினர் உருவாக்கினர். ஏதேனும் ஓர் அடுக்கு பொருந்தாவிடில் பயனருக்குக் கிடைப்பது கருந்திரையே.

திரையை அறிமுகப்படுத்தல்

1990களில் லினக்சில் பரவலாக இருந்த எக்ஸ் வழங்கி எக்ஸ்ஃபிரீ86 ஆகும். இதற்கு ஓர் அமைவடிவக் கோப்பைப் பயனரே எழுத வேண்டியிருந்தது. வரைகலை அட்டையின் சில்லு, சுட்டியின் வகை ஆகியவற்றோடு திரையின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண் எல்லைகளையும் அதில் குறிப்பிட வேண்டும். 640×480 படப்புள்ளிகளை நொடிக்கு 60 முறை வரைய 31.5 கிலோ எர்ட்சு போதும். அதே வேகத்தில் 1024×768 வேண்டுமெனில் ஏறத்தாழ 48 கிலோ எர்ட்சு தேவை. திரையின் கையேடு தொலைந்துவிட்டால் ஊகம்தான் வழி. பழைய குழாய்த் திரைகளில் தாங்கவியலாத எண்ணைக் கொடுத்தால் கருவியே பழுதாகக்கூடும் என்ற எச்சரிக்கையும் ஆவணங்களில் இருந்தது. புதியவர் ஒருவர் மிரண்டுபோக இதுவே போதுமானது.

திரை தன் விவரங்களைத் தானே கணினிக்குத் தெரிவிக்கும் ஈ.டி.ஐ.டி என்னும் வடிவம் 1994இலேயே வரையறுக்கப்பட்டது. எனினும் அதை முழுமையாக நம்பி இயங்கும் நிலைக்கு எக்ஸ் வழங்கி வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. உரிம மாற்றத்தால் எழுந்த பிணக்கில் 2004இல் எக்ஸ்.ஆர்க் தனியே பிரிந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பெரும்பாலான கணினிகளுக்கு அமைவடிவக் கோப்பே தேவைப்படவில்லை. 2009இல் வெளியான லினக்ஸ் 2.6.29 கருனியில், திரை முறையை அமைக்கும் பணி எக்ஸ் வழங்கியிடமிருந்து கருனிக்கு மாறத் தொடங்கியது.

இயக்கிகள்

சில்லு நிறுவனங்கள் நுட்ப விவரங்களை வெளியிடாததே மற்றொரு காரணமாகும். என்விடியா அட்டைகளுக்கு மூலம் மூடப்பட்ட இயக்கியே இருந்தது. தன்னார்வலர்கள் அட்டையின் நடத்தையை ஆய்ந்து எழுதிய நூவோ இயக்கி 2010இல் கருனியில் சேர்ந்தது. மலிவான கணினிகளில் இருந்த எஸ்.ஐ.எஸ் 671 சில்லு பலருக்கு நெடுநாள் தொல்லை தந்தது. விடுபட்ட இயக்கியை இணையத்திலிருந்து பெறலாம் என்றால், தொலைபேசி இணைப்பை நம்பியிருந்த ஊர்ப்புறங்களில் அதற்கும் முட்டுக்கட்டை இருந்தது: விண்டோசை மட்டும் கருதிச் செய்யப்பட்ட மோடம்கள் லினக்சில் இயங்குவது அரிது. இணையத்தில் நுழையவே ஓர் இயக்கி வேண்டும். அந்த இயக்கியோ இணையத்தில் இருந்தது.

தமிழும் வரைகலையும்

வரைகலை தொடங்காவிடில் ஆங்கிலம் அறிந்தவர் உரை முனையத்தில் பிழைச்செய்தியைப் படித்துத் திருத்த முயலலாம். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அந்த வழி இல்லை. லினக்சின் உரை முனையம் அதிக அளவாக 512 எழுத்து வடிவங்களையே ஏற்கும். தமிழின் 247 எழுத்துகளும் இதற்குள் அடங்குமே என்று தோன்றலாம். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. ஒருங்குறியில் உயிர்மெய், மெய்யுருவும் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. 'கொ' என்பதில் ஒரே குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து வரையப்பட வேண்டும். ஒரே அகலக் கட்டங்களில் எழுத்தை நிரப்பும் முனையத்திற்கு இவ்வாறு வடிவமைக்கும் திறன் இல்லை. 'ணை' போன்ற அகன்ற எழுத்து ஒரு கட்டத்தில் அடங்குவதும் இல்லை. பாங்கோ நிரலகத்தைப் பயன்படுத்திய ஜி.டி.கே 2.0 பதிப்பு 2002இல் வெளிவந்தபின் குனோமில் ஒருங்குறித் தமிழுக்கு வழி பிறந்தது. ஆகவே தமிழ்ப் பயனருக்கு வரைகலைச் சூழல் அலங்காரமன்று. தம் மொழியைத் திரையில் காண்பதற்கான முதல் தேவை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்த காலத்தில் சூசே லினக்சுக்கு மாறியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. இது இந்திய மொழி ஆதரவை முதன்மை நோக்காகக் கொண்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்சும் விண்டோசும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தன. ஒரே வகைக் கணினி பெருமளவில் வழங்கப்படும்போது திரை, இயக்கி, எழுத்துரு ஆகியவற்றை ஒருமுறை சரிசெய்தால் போதும். ஆனால் வன்தட்டை அழித்து மீண்டும் நிறுவ நேர்ந்தால் அந்த உழைப்பு மாணவர் தலையிலேயே விழும்.

பிற்கால மாற்றங்கள்

எக்சுக்கு மாற்றாக 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட், 2016இல் ஃபெடோரா 25 பதிப்பில் குனோமுக்கு இயல்பிருப்பானது. கட்டற்றதல்லாத நிலைபொருளை நிறுவல் ஊடகத்தில் சேர்ப்பதில்லை என்ற தன் வழக்கத்தை டெபியன் 2022இல் வாக்கெடுப்பின் மூலம் தளர்த்தியது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவியுடனேயே கிடைக்கின்றன. உரை முனையத்தில் தமிழ் வடிவமைப்பு மட்டும் இன்னும் இயல்பாக அமையவில்லை.