பிரிட்டனில் பல் வைத்தியத்துக்கு விலை வைத்த கதை

பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல் வைத்தியமும் இலவசமானது. அதற்கு முன் சொத்தைப் பல்லை அடைத்துக் காப்பாற்ற வசதியில்லாத தொழிலாளர்கள் வலி முற்றும்வரை பொறுத்திருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இளம் வயதிலேயே எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு பல்செட் வைத்துக்கொண்டவர்களும் பலர்.

புதிய சேவையில் பல் மருத்துவர் சம்பளக்காரர் அல்ல. பல் அடைக்க இவ்வளவு, பிடுங்க இவ்வளவு, பல்செட்டுக்கு இவ்வளவு என்று அரசு விலைப்பட்டியல் வைத்தது. எந்தப் பல்லில் என்ன வேலை என்று மருத்துவர் படிவத்தில் குறித்து, ஈஸ்ட்போர்ன் நகரிலிருந்த பல் மருத்துவ மதிப்பீட்டு வாரியத்துக்கு அனுப்புவார். பல்செட் போன்ற பெரிய வேலைகளை வாரியத்தின் முன்அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. கணக்கு சரிபார்த்த பிறகுதான் பணம் வரும்.

ஆண்டுக்கணக்கில் வாய்க்குள் சேர்ந்திருந்த நோய் முழுவதும் ஒரே சமயத்தில் மருத்துவமனை வாசலுக்கு வந்தது. செலவு மதிப்பீட்டைத் தாண்டிப் போக, 1949இலேயே மருத்துவர்களுக்கான விலைகள் குறைக்கப்பட்டன. கொரியப் போரையொட்டி ராணுவச் செலவு பெருகியபோது, 1951இல் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். ஒரு முழு பல்செட்டுக்கு நோயாளி 4 பவுண்டு 5 ஷில்லிங் வரை தர வேண்டும். இந்தச் சேவையை உருவாக்கிய அனாய்ரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். இன்னொரு அமைச்சரான ஹெரால்டு வில்சனும் உடன் விலகினார். அடுத்து வந்த கன்சர்வேட்டிவ் அரசு 1952இல் மற்றச் சிகிச்சைகளுக்கும் 1 பவுண்டு வரை கட்டணம் வைத்தது. பரிசோதனை மட்டும் 1989 வரை இலவசமாகவே நீடித்தது.

வேலைக்கு ஒரு விலை என்ற முறையில், அதிகம் செய்பவருக்கு அதிகம் கிடைத்தது. மாற்றி அமைக்க வேண்டிய முறைதான் அது. ஆனால் 2006 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த மாற்று ஏற்பாடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அதுவரை நோயாளி செலவில் 80 சதவீதத்தை, அதிகபட்சம் 384 பவுண்டு வரை, கொடுத்துவந்தார். புதிய முறையில் கட்டணம் மூன்றே படிகளானது: பரிசோதனைக்கு 15.50 பவுண்டு, அடைப்பு, பிடுங்குதல், வேர் சிகிச்சைக்கு 42.40, கிரீடம், பல்செட்டுக்கு 189. குழந்தைகள், கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்மார், வறியோர் ஆகியோருக்கு விலக்கு தொடர்ந்தது.

பில் எளிதாயிற்று, நோயாளிக்குப் புரிந்தது. சிக்கல் மருத்துவரின் பக்கம் இருந்தது. அவருடைய வேலை அலகுகளாக எண்ணப்பட்டது: முதல் படிக்கு 1, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 12. ஒரு பல்லை அடைத்தாலும் 3 அலகு, ஆறு பல்லை அடைத்தாலும் அதே 3. மணிக்கணக்கில் ஊசியால் குடைந்து செய்யும் கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்கும், சில நிமிடங்களில் முடியும் பிடுங்கலுக்கும் ஒரே வரவு. பல் அதிகம் கெட்டுப்போன ஏழையைச் சேர்த்துக்கொண்டால் மருத்துவருக்கு நஷ்டம் என்ற நிலையை அரசே உண்டாக்கியது பெரும் தவறு. வேர் சிகிச்சை போன்ற நுட்பமான வேலைகள் குறைந்துவிட்டதை 2008இல் நாடாளுமன்றக் குழு சுட்டிக்காட்டியது.

2022 நவம்பரில்தான் இரண்டாம் படி பிரிக்கப்பட்டது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்களை அடைத்தால் 5 அலகு, கடைவாய்ப் பல்லின் வேர் சிகிச்சைக்கு 7. நோயாளி தரும் கட்டணம் அந்தப் படி முழுவதற்கும் ஒன்றாகவே இருக்கிறது.