ஆக்டேனும் ஈயமும்

மதுரை - தூத்துக்குடி சாலையில் பந்தல்குடியைக் கடக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தப் பெட்ரோல் சரி? ஆக்டேன் எண் கூடினால் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இவ்வகை என்ஜின்கள் பெட்ரோல், காற்றுக் கலவையை அதிகம் அழுத்துகின்றன. அப்போது கலவை தானாக வெடித்தால் 'நாக்கிங்' சத்தம் வரும், என்ஜின் கெடும். அதைத் தடுக்கும் திறனே ஆக்டேன்.

1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி ஒரு மலிவான வழி கண்டார். பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார். நாக்கிங் அடங்கியது. ஆனால் புகையில் வந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது!

இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995-ல் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களுக்கும், 2000-ல் நாடு முழுவதற்கும் வந்தது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

இன்று ஈயமின்றியே 100 ஆக்டேன் கிடைக்கிறது. கார் கையேடு கேட்கும் எண்ணைப் போட்டால் போதும். அதற்கு மேல் பெரும்பாலும் வீண்செலவுதான்.