சைக்கிளும் ஞாயிற்றுக்கிழமையும்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். அது எதிர்பார்க்கக்கூடியதுதான். என்னை நிறுத்தியவை அதற்குக் கீழே இருந்த வரிகள். 10 முதல் 12 மணி நேர வேலை நாள் ஒழிய வேண்டும். உறவினரும் நண்பரும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் போக வேண்டும்.

‘வேலை – வாழ்க்கைச் சமநிலை’ என்று இன்று மனிதவள அதிகாரிகள் பவர்பாய்ண்ட் போட்டு விளக்குகிறார்கள். அந்தச் சொல் இல்லாமலேயே நம் ஆட்கள் அதை 1941இல் எழுதி வைத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது ஓய்வு நேரம் மட்டுமில்லை. அந்த நேரத்தில் யார் வீட்டுக்கு வரலாம், எந்தத் தெருவில் எப்படிப் போகலாம் என்பதும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்றார்கள்.

தோட்டத்தில் வேலையையும் வாழ்க்கையையும் பிரிக்கும் வேலி இல்லை. லயம் கம்பெனியுடையது. மருந்து கொடுப்பவர், பள்ளி வாத்தியார், கோயில் திருவிழாவுக்கு லீவு தருபவர் எல்லாம் ஒரே நிர்வாகம். மூவார் பக்கம் பஞ்சூர், லாணாட்ரான், பாகோ வட்டாரங்களிலும் ரப்பர்த் தோட்டங்கள் இப்படித்தான் வளர்ந்தன. என் பாட்டி அப்படியொரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன் பெரட்டு. தூங்கும் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் போட்டுவிட்டு நிரைக்கு ஓட வேண்டும். “புள்ள முகத்த வெளிச்சத்துல பாத்ததே மத்தியானத்துக்கு மேலதான்” என்பார்.

அந்த விடிகாலை அவசரத்துக்குக் காரணம் மரம். இரவில் மரம் நீரை நிரப்பிக்கொள்வதால் பட்டைக்குள்ளிருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியலில் அதிகமாக இருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும், பால் மட்டுப்படும். ஒரு விதத்தில் மரமே வேலை நேரத்துக்கு எல்லை போட்டது. ஆனால் மரம் விட்டாலும் நிர்வாகம் விடவில்லை. பால் சேர்த்து, தூக்கிப்போய் ஸ்டோரில் நிறுத்து, மங்கு கழுவி, ஒட்டுப்பால் எடுத்து முடிக்க நாள் நீண்டது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. அன்று ஓய்வு கிடைத்தது, கூலி கிடைக்கவில்லை.

கிள்ளான் போராட்டத்தின் முடிவு நமக்குத் தெரியும். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினர். அதன்பின் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை.

கேட்டது சட்டமாக வரப் பல ஆண்டுகள் ஆயின. 1955 வேலைச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. அந்த 48, 45 ஆனது 2023 ஜனவரி 1 முதல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் தோட்டம் செம்பனையானது, மனிதர்கள் டவுனுக்கு வந்தார்கள், மூவார் மரச்சாமான் தொழிற்சாலைகளுக்கும் மின்னணுச் சில்லுகளுக்கும் பேர்போன ஊரானது.

சில்லுக்கு விடியல் கிடையாது. இயந்திரம் இரவு இரண்டு மணிக்கும் அதே வேகத்தில்தான் ஓடும். பாட்டிக்கு மரம் போட்ட எல்லைகூட எங்களுக்கு இல்லை. சட்டத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் பொறியியலாளருக்கும் அந்த 45 மணி நேர வரம்பு பொருந்தும். ஆனால் தாண்டி வேலை செய்தால் ஒன்றரை மடங்கு ஓ.டி. கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆப்பரேட்டரின் கூடுதல் மணிக்கு விலை உண்டு. என் கூடுதல் மணி இலவசம். இலவசமாகக் கிடைப்பதை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? இரவு பத்தரைக்கு வாட்சாப்பில் வரும் “கொஞ்சம் பாருங்க” என்ற செய்தி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதை ஜொகூர்க்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 2014 முதல் 2024 வரை இங்கே அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. தனியார் நிறுவனங்கள் பலவும் சனி, ஞாயிறிலேயே இருந்தன. மூவாரிலிருந்து மலாக்கா எட்டும் தூரம். அங்கே வேலைக்குப் போகும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு, பிள்ளைக்கு ஞாயிறு பள்ளி. ஆளுக்கு இரண்டு நாள் லீவு இருந்தது. ஒன்றாகச் சோறு சாப்பிட சனிக்கிழமை ஒன்றுதான் மிஞ்சியது. அந்தச் சனியும் அரை நாள் வேலையென்றால் அதுவும் போச்சு. 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் சனி, ஞாயிறுக்குத் திரும்பியபோது ஒரு மணி நேரம்கூட யாருக்கும் கூடுதலாகத் தரப்படவில்லை. ஆனாலும் பல வீடுகளுக்கு ஒரு முழு நாள் திரும்பக் கிடைத்தது.

‘நேரத்தை நீதான் நிர்வகிக்க வேண்டும், நோ சொல்லப் பழகு’ என்ற அறிவுரை இந்த வரலாற்றின் முன்னால் நிற்காது. தனியாளாகச் சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவனுக்கு என்ன நடந்திருக்கும்? சேர்ந்து மறுத்ததால்தான் அது கோரிக்கையானது. எங்கள் பக்கம் சேர்வதே கடினம். மின்னணுத் துறையில் வட்டாரத் தொழிற்சங்கங்களுக்கு 2009இல்தான் அனுமதி கிடைத்தது. ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று பெயர் சூட்டப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் அதிலும் இடமில்லை.

இப்போது கையில் இருப்பது ஒரு சின்னக் கதவு. 2023இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றக் கோரி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். நிர்வாகம் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே பிரிவில் பத்துப் பேர் ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்தால் பத்துக் காரணங்களை எழுத்தில் சொல்லியாக வேண்டும். 1941இல் அவர்களிடம் இந்தத் தாள்கூட இல்லை.