உளியிலிருந்து கம்ப்யூட்டர் வரை: நம்ம மாவட்ட மரச்சிற்பம்



நைனார்பாளையத்துக்குப் பக்கத்துல இருக்குற சின்னசேலம், கள்ளக்குறிச்சி ஊர்கள்ல பல குடும்பங்கள் மரச்சிற்பத் தொழிலை நம்பித்தான் வாழுது. சாமி சிலை, கதவு, ஊஞ்சல் என்று எல்லாம் செய்வாங்க. 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை.

முன்னே எல்லாம் கைவேலைதான். மரத்துல கோடு போட்டு, கொட்டாப்புளியால உளியைத் தட்டித் தட்டிச் செதுக்கணும். டிசைன் பெரியவங்க மனசுலயும் கையிலயும் இருந்தது. பக்கத்துல உட்கார்ந்து பார்த்துத்தான் பிள்ளைங்க கத்துக்கிட்டாங்க.

இப்போ சி.என்.சி. மெஷின் வந்துவிட்டது. கம்ப்யூட்டர்ல டிசைனை ஏற்றிவிட்டால், சுழலுகிற கத்தி மரத்தைத் தானே குடைஞ்சிடும். ஒரே மாதிரி பத்து கதவு கேட்டாலும் செய்யும்.

இது திடீர்னு வந்ததில்லை. 1804-ல் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் துளை போட்ட அட்டையால் தறியில் பூ வேலை நெய்ய வழி கண்டார். பட்டுச்சேலை பார்டருக்கு இன்றும் ஜக்கார்டு பெட்டி என்று சொல்றோமே, அது அவர் பேர்தான். நெசவாளி கையில இருந்த டிசைன் அப்பவே அட்டைக்குப் போயிடுச்சு. 1952-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தார், துளை போட்ட நாடா சொல்றபடி உலோகத்தை வெட்டுற மெஷினைச் செய்து காட்டினாங்க. அதன் வாரிசுதான் சி.என்.சி.

மெஷின் கஷ்டத்தைக் குறைக்குது, மறுக்க முடியாது. ஆனா மேலிருந்து இறங்குற கத்தியால சிலையின் மடிப்புக்கு அடியில குடைய முடியாது. கண், உதடு உயிரோட தெரியணும்னா உளி வேணும். கடைசியில உப்புத்தாள் தேய்த்து பாலிஷ் போடுறதும் கைதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. டிசைனை ஒரு தடவை விற்றுவிட்டால், அதைக் கம்ப்யூட்டர்ல வச்சிருக்கிறவர் நூறு தடவை வெட்டி விற்பார். செதுக்கினவருக்கு ஒரு கூலிதான். அதனால பட்டறைக் குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் கம்ப்யூட்டரில் வரையக் கத்துக்கணும். புவிசார் குறியீடு வந்தால் மட்டும் போதாது. தொழில் செய்றவங்க ஒவ்வொருவரும் சென்னையிலுள்ள புவிசார் குறியீடு பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்துகொள்ளணும். அப்பதான் அந்தப் பேரைச் சொல்லி விற்க உரிமை கிடைக்கும்.

உங்கள் குழுவில் மரச்சிற்பக் குடும்பத்து அக்கா, தங்கச்சி இருந்தால், அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசுங்க.