கட்டளையும் கட்டிலும்: கிரியோனின் செருக்கும் தகடூர்ப் பாடல்கள் காட்டும் தலைமையும்

முன்னுரை

செருக்கே ஆள்வோனை வீழ்த்தும் என்பது கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் பற்றி நம் வகுப்பறைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் முடிவு. அதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுபவன், சோபோக்ளிஸ் இயற்றி கி.மு. 441 அளவில் ஏதென்ஸில் அரங்கேறிய ‘ஆண்டிகனி’ நாடகத்தின் அரசன் கிரியோன். இம்முடிவில் பிழையில்லை, ஆனால் அது சிக்கலை முழுவதும் விளக்குவதாயில்லை. சங்கப் பாடல்களில் வரும் வேந்தரும் வேளிரும் செருக்கில் கிரியோனுக்கு இளைத்தவர்கள் அல்லர். எனினும் அவர்களுள் சிலர் தம் சினத்தையும் ஆணையையும் நடுவழியில் நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தியதற்காகவே பாடப்பட்டும் இருக்கிறார்கள். அரசனுக்குச் செருக்கு உண்டா என்று கேட்பதைவிட, அது எதைப் பற்றி நிற்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

இக்கேள்விக்கு உரிய களமாகத் தகடூர் நாடு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இன்றைய தருமபுரியே பழைய தகடூர். நகரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள வத்தல்மலையும் அதைச் சூழ்ந்த குன்றுகளும் அதியமான் மரபினரின் நாட்டைச் சேர்ந்தவை. அசோகரின் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து எண்ணும் சத்தியபுத்திரர் இம்மரபினரே என்ற கருத்துக்கு, திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு வலுவான சான்றானது. அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் அப்பட்டத்தோடு வருகிறது. அஞ்சியைப் பற்றிய புறநானூற்றுப் பாடல்களும், தகடூரை அழித்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையைப் பற்றிய பாடல்களும் இக்கட்டுரையின் முதன்மை மூலங்கள்.

கட்டுரையின் துணிபு இது: கிரியோனின் செருக்கு கீழ்ப்படிதலைப் பற்றி நின்றது, தகடூர்ப் பாடல்கள் காட்டும் அரசரின் செருக்கு புகழைப் பற்றி நின்றது. கீழ்ப்படிதலை ஆணையிட்டுப் பெறலாம். புகழை அவ்வாறு பெற முடியாது. புகழ் பிறர் நாவில் இருப்பது. அதை விரும்பும் அரசன் அந்த நாவுக்குச் செவி கொடுத்தாக வேண்டும்.

1. கிரியோனின் தொடக்கம்

தீப்ஸ் நகரை ஆண்ட ஈடிப்பஸின் மக்கள் இருவரும் ஆட்சிக்காகப் போரிட்டு, ஒருவர் கையால் ஒருவர் மாள்கின்றனர். தாய்மாமன் கிரியோன் அரசனாகிறான். நகரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம். அயல்படையோடு வந்த பாலினைசிஸின் உடல் நாய்க்கும் பறவைக்கும் இரை. அதை அடக்கம் செய்பவருக்குச் சாவு. இதுவே புதிய அரசனின் முதல் ஆணை. இறந்தவனின் உடன்பிறந்தாளும் கிரியோனின் மகன் ஹேமோனுக்கு மணம் பேசப்பட்டவளுமான ஆண்டிகனி, அந்த ஆணையை மீறி உடலின்மேல் மண் தூவி இறுதிக்கடன் செய்கிறாள்.

கிரியோனை வெறும் கொடுங்கோலனாகக் கொள்வது நாடகத்தைச் சிறுமைப்படுத்தும். உறவைவிட நாடு பெரிது என்பதும், நாட்டைக் காத்தவனையும் எரிக்க வந்தவனையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பதும் போரிலிருந்து அப்போதுதான் மீண்ட நகரத்தில் புறக்கணிக்கத்தக்க வாதங்கள் அல்ல. ஹெகல் இந்நாடகத்தை இரு நியாயங்களின் மோதலாகக் கண்டதற்கு இது இடந்தருகிறது. கிரியோனின் முதல் உரையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நல்ல ஆலோசனையைக் கைக்கொள்ளாமல் அச்சத்தால் வாயடைத்து நிற்கும் ஆட்சியாளனே ஆட்சியாளரில் கடையன் என்று அவனே அறிவிக்கிறான். தன்னை அளக்கும் கோலைத் தன் கையாலேயே அவன் நட்டுவிடுகிறான்.

2. மூன்று குரல்கள்

அதன்பின் மூன்று குரல்கள் அவனிடம் வருகின்றன. முதலில் காவலாளி, ஆணை மீறப்பட்டதை நடுங்கிக்கொண்டே சொல்ல வருபவன். காசு வாங்கிக்கொண்டு உடந்தையானாய் என்கிறான் கிரியோன். அடுத்து ஹேமோன். தந்தையின் நலத்தினும் பெரிய செல்வம் தனக்கில்லை என்று பணிந்து தொடங்கி, அரசன் முன்னால் பேச அஞ்சும் குடிமக்கள் இருட்டில் ஆண்டிகனியைப் புகழ்வதை எடுத்துரைக்கிறான். பெண்ணுக்கு அடிமையானவன் என்ற ஏச்சே அவனுக்குக் கிடைக்கிறது. கடைசியாகக் குருட்டு நிமித்திகன் தைரீசியஸ். அவனும் பணத்துக்கு வாய் விற்றவன் ஆகிறான்.

மூன்று இடத்திலும் நடப்பது ஒன்றே: கிரியோன் சொல்லை ஆராயாமல் சொன்னவனை ஆராய்கிறான். நான் எப்படி ஆள வேண்டும் என்பதை நகரமா எனக்குச் சொல்வது என்று மகனிடம் அவன் கேட்கும் இடத்தில் அவன் செருக்கின் அடித்தளம் வெளிப்படுகிறது. ஆணை இனி நாட்டுக்காக இல்லை, ஆணையிட்டவனுக்காக நிற்கிறது. ஆளே இல்லாத பாழ்நிலத்தைத் தனியாக நீ நன்றாக ஆளலாம் என்ற பொருள்பட ஹேமோன் விடையிறுப்பது இதனால்தான்.

தைரீசியஸ் சென்றபின் கிரியோன் கலங்குகிறான். பாடற்குழுவின் முதியோரிடம் வழி கேட்கிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்கின்றனர் அவர்கள். அவனோ பிணத்தை முதலில் அடக்கம் செய்துவிட்டு, ஆண்டிகனியை உயிரோடு அடைத்த கல்லறைக்குப் போகிறான். ஆண்டிகனி தூக்கிட்டு இறந்துவிட்டாள்; ஹேமோன் தன் வாளில் விழுகிறான்; செய்தி கேட்ட தாய் யூரிடிசேயும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். வெளிப்பகை அனைத்தும் ஒழிந்த நாளில் இந்த அரசன் அழிகிறான். இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலேயே கெடுவான் என்ற கருத்துடைய குறளுக்கு (448) இதைவிடப் பொருத்தமான நாடகச் சான்று கிடைப்பது அரிது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். கிரியோனுக்கு இடித்துரைப்பார் இருந்தனர். அவர்கள் சொல்லை ஏற்பதை இழிவு என்று கருதாமலிருக்க அவனுக்கு ஒரு வழி மட்டும் இல்லை. இணங்குவது கொடிது என்று இறுதியில்கூட அவன் சொல்கிறான். அச்சமே அவனை இணங்க வைத்தது.

3. முரசுகட்டில்

அப்படியொரு வழி தகடூரை வென்றவனின் அவையில் இருந்தது. வேந்தனின் முரசு வைக்கப்படும் கட்டில் புனிதமானது. வேறொருவர் அதில் ஏறினால் வாளுக்கு இரையாக வேண்டியதுதான். முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில், வெறுமையாய்க் கிடந்த அந்தப் பூஞ்சேக்கையில் புலவர் மோசிகீரனார் அறியாமல் படுத்து உறங்கிவிடுகிறார். பெருஞ்சேரல் இரும்பொறை அவரை வெட்டவில்லை. அருகே வந்து, அவர் கண்விழிக்கும் வரை விசிறுகிறான். புறநானூற்றின் 50ஆம் பாடல் இந்நிகழ்ச்சியைப் புலவரின் வாய்மொழியாகவே சொல்கிறது.

இது தனிமனித இரக்கத்தின் கதையாகவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அரசியல் நோக்கில் அதன் எடை வேறு. முரசு அரசின் அதிகாரமே ஆகும். பதிற்றுப்பத்து எட்டாம் பத்தின் பதிகம், இதே இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இரு பெரு வேந்தரையும் ஒருங்கே வென்று அவர்களுடைய முரசையும் குடையையும் கைப்பற்றியதைப் பாராட்டுகிறது. பிறர் முரசைப் பறிப்பதில் பெருமை கண்டவன் தன் முரசின் இடத்தில் ஒருவன் கால்நீட்டிப் படுத்ததைப் பொறுத்துக்கொண்டான். கிரியோனின் முன்னால் நின்றதும் இதே வகைச் சிக்கல்தான்: அரசின் மேன்மையைக் காக்கும் கடுமையான விதி, அதை மீறிவிட்ட ஒருவர். ஆண்டிகனி அறிந்தே மீறினாள், புலவர் அறியாமல் மீறினார் என்பது உண்மை. எனினும் அரசன் விதியை நிறுத்தியதற்குப் பாடல் கற்பிக்கும் காரணம் அறியாமையை மன்னிப்பது அன்று. இவ்வுலகில் புகழுடையோர்க்கன்றி மேலுலகில் இடமில்லை என்று தெளிவாகக் கேட்டறிந்தவன் நீ. அதனால்தான் இவ்வாறு செய்தாயோ என்று முடிகிறது அது. அரசனின் தன்மதிப்பை அகற்றாமல், அதன் திசையைப் பாடல் மாற்றுகிறது. வெட்டாமல் விட்டது அவன் ஆண்மைக்கு இழுக்காகாமல் புகழுக்கு ஏணியாகிறது.

இதே உத்தி புறம் 46இல் இன்னும் கூர்மையாக இயங்குகிறது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் சிறுவரை யானைக் காலில் இடப்போகும் வேளையில் கோவூர் கிழார் குறுக்கிடுகிறார். புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவன் மரபில் வந்தவன் நீ என்று நினைவூட்டி, யானையைக் கண்டு அழுகை மறந்து மன்றத்தை மருண்டு நோக்கும் குழந்தைகளைக் காட்டுகிறார். அவர் பாடி அவர்களை உய்யக்கொண்டதாகப் பாடலின் அடிக்குறிப்பு கூறும். ஆணையிலிருந்து பின்வாங்குவதைத் தன் குலத்தின் இயல்புக்குத் திரும்புவதாக ஆக்கிக் கொடுத்ததே புலவரின் திறம். ஹேமோனும் தந்தையின் நற்பெயரை முன்வைத்தே பேசினான். ஆனால் மகனாக, இளையவனாக நின்று பேசினான். அரசனின் பெயரை அவனுக்குப் பின்னும் நிலைக்கச் செய்யும் உரிமை அவனிடம் இல்லை.

4. அஞ்சியின் வாயில்

அதியமானுக்கும் செருக்கு உண்டு என்பதை அவனைப் பாடியவர்களே மறைக்கவில்லை. புறம் 100இல் ஔவையார், போர்க்கோலத்தோடு தன் மகனைக் காண வந்த அஞ்சியை வரைகிறார். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண்கள் மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு நீங்கவில்லை. வீரத்தின் புகழ்ச்சிதான் இது. ஆயினும் ஹேமோனைக் கண்ட கிரியோனின் கண்ணும் இவ்வாறே இருந்தது என்பதை நினைத்தால், புகழ்ச்சிக்குள் இருக்கும் எச்சரிக்கை புலப்படும்: களத்துக்கு உரிய சினம் வீட்டுக்குள்ளும் தொடரும் இயல்புடையது.

அச்சினத்துக்கு எதிராகச் சினம் கொள்ளும் உரிமை புலவருக்கு இருந்தது. பரிசில் தரக் காலம் தாழ்த்திய அஞ்சியின் வாயிற்காவலனிடம், உன் தலைவன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று ஔவையார் கேட்கிறார் (புறம் 206). பெருஞ்சித்திரனாரோ, நேரில் காணாமல் அவன் கொடுத்தனுப்பிய பரிசிலையே மறுக்கிறார். தாம் ஊதியத்துக்குப் பாடும் வணிகர் அல்லர் என்றும், தகுதி அறிந்து தருவது தினையளவானாலும் இனிது என்றும் சொல்கிறார் (புறம் 208). இவ்விரு பாடல்களும் அரசனின் புகழைச் சேர்க்கும் தொகுப்பிலேயே இடம்பெற்றிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. கொடை மறுக்கப்பட்ட செய்தியும் அஞ்சியின் வரலாற்றில் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டது. கிரியோனின் நகரத்தில் இக்குரல்கள் இருட்டில் மட்டுமே ஒலிக்கும்.

5. பகைவனின் பிணம்

‘ஆண்டிகனி’யின் மையம் அடக்கம் செய்யப்படாத ஓர் உடல். தகடூர்ப் போரிலும் உடல்கள் விழுந்தன. அங்கே வீழ்ந்த அதியமான் எழினிக்கு இரங்கற்பாப் பாடியவர் அரிசில் கிழார் (புறம் 230). தகடூரை அழித்த இரும்பொறையின்மேல் எட்டாம் பத்தைப் பாடியவரும் அவரே. அப்பத்துக்காக வேந்தனும் அவன் தேவியும் கோயிலைவிட்டு வெளியே வந்து நின்று, உள்ளிருப்பதெல்லாம் கொள்க என்று ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுகட்டிலையும் கொடுத்ததாகவும், புலவர் நீயே ஆள்க என்று வேண்டி அமைச்சுப் பூண்டதாகவும் பதிகக் குறிப்பு சொல்கிறது. வென்றவனின் அவையில் இத்தகைய இடம் பெற்ற ஒருவரால் வீழ்ந்தவனுக்காகக் கூற்றுவனையே பழிக்க முடிந்தது. அது துரோகமாகக் கருதப்பட்டதற்கு மூலங்களில் குறிப்பேதும் இல்லை. அஞ்சி இறந்தபோது அவன் ஈமத்தீயையும் (231) நடுகல்லையும் (232) ஔவையார் பாடினார். இறந்தவனை மதிப்பது உயிரோடிருக்கும் அரசனின் அதிகாரத்தைக் குறைக்கும் என்ற கிரியோனின் கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை.

6. மறுப்புகள்

இவ்வொப்பீட்டுக்கு இரு மறுப்புகள் எழும். முதலாவது, நாடகம் அரசனைக் குறுக்கு விசாரணை செய்வது. புறப்பாடல் அவனிடம் பரிசில் பெற்றுப் பாடுவது. இரண்டையும் ஒரு தராசில் நிறுத்தலாமா? பாடல்கள் உண்மையில் நடந்ததன் பதிவு என்று இக்கட்டுரை கொள்ளவில்லை. அடிக்குறிப்புகளும் பதிகங்களும் பாடல்களுக்குப் பிற்பட்டவை. ஆனால் ஒரு சமூகம் எதைப் புகழ்ச்சியாகச் சேமித்து வைத்தது என்பதும் சான்றே. ஆணையை நிறுத்திய அரசனை இம்மரபு வலுவிழந்தவன் என்று எழுதவில்லை.

இரண்டாவது மறுப்பு கடுமையானது: இத்தனை புலவர் இருந்தும் தகடூர் அழிந்ததே? ஔவையார் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, ஒளிபெறத் துடைத்து வைத்த அவன் படைக்கலங்களை எள்ளினார் (புறம் 95). கொல்லிக் களத்திலும் தகடூர்க் கோட்டையிலும் போரைத் தடுக்கும் ஆற்றல் புலவரிடம் இருக்கவில்லை. புகழ் வேட்கையே போர்களுக்கு எரிபொருளாகவும் இருந்தது. எட்டாம் பத்து அழிவையும் புகழ்கிறது. ஆகவே துணிபை அளவோடு நிறுத்த வேண்டும். புகழைப் பற்றி நின்ற செருக்கு அரசனை நல்லவனாக்குவதில்லை. தன் ஆணையிலிருந்து அவன் மீள ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. அவ்வாயில் அரசனுக்கு நேர்நின்ற ஒருவருக்குத் திறந்தது; ஊர் எரிந்த குடிகளுக்குத் திறந்ததாகப் பாடல்கள் காட்டவில்லை.

7. அரசன் இல்லாத காலத்தில்

இன்று ஆணை ஒரு மனிதனிடமிருந்து வருவதில்லை, துறைகளிடமிருந்து வருகிறது. செருக்கும் துறைக்கு மாறிவிட்டது. வத்தல்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரே இம்மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியிலும் வாழ்கின்றனர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறையினரும் அவ்வூரில் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். அரசுத் தரப்பு தொடக்கத்தில் மறுத்தது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 1995இல் சிபிஐ விசாரணை வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்திருந்தனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கிரியோன் ஒரே நாளில் மனம் மாறினான். அதுவே காலம் கடந்ததாயிற்று. இங்கே முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் ஆயின. சொல்லை விட்டுச் சொன்னவரை ஐயுறும் பழக்கமே இரண்டு இடத்திலும் இயங்கியது: புகார் கொடுத்தவர்களே கடத்தல்காரர்களாகப் பார்க்கப்பட்டார்கள். ஒப்புக்கொண்டால் துறையின் மானம் போகும் என்ற எண்ணத்தை உடைக்கும் ஔவையோ கோவூர் கிழாரோ நிர்வாக அமைப்புக்குள் இருக்கவில்லை. வெளியிலிருந்து மக்கள் இயக்கமும் நீதிமன்றமும் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

முடிவுரை

தலைமைக்குப் பணிவைப் போதிப்பது எளிது; பெரும்பாலும் அது பயனற்றது, ஏனெனில் அதிகாரத்தில் இருப்பவர் தன்மதிப்பை இழக்க ஒப்பார். தகடூர்ப் பாடல்கள் வேறு வழி சொல்கின்றன. தன்மதிப்பை அப்படியே விட்டு, ஆணையைத் திரும்பப் பெறுவதை அதன் பகுதியாக்க வேண்டும். அதை எடுத்துச் சொல்பவருக்கு அரசன் தயவால் வராத தகுதி இருக்க வேண்டும். கிரியோனிடம் அறிவுரைக்குப் பஞ்சமில்லை; அறிவுரை கூறியவருக்கு நகரம் தந்த தகுதிதான் இல்லை. அத்தகுதியைச் சட்டத்தாலும் நிறுவனங்களாலும் முன்கூட்டியே வழங்கி வைக்காத ஆட்சியில், ஆள்வோர் நல்லவரா தீயவரா என்பது இரண்டாம் கேள்வி. தவறு நேர்ந்த நாளில் திருந்த வழியிருக்கிறதா என்பதே முதற்கேள்வி.