மலையுச்சியில் கோபுரம், பள்ளத்தில் பள்ளிப்பிள்ளை

கேமரன் மலைக்குச் சென்று வந்தவர்களுக்குப் பிரிஞ்சாங் மலையுச்சி நினைவிருக்கும். 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. கீழே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம். பள்ளிகளுக்குக் கணினி வந்த வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் சைபர்ஜெயாவிலிருந்துதான் தொடங்குவார்கள். தோட்டத்திலிருந்து பார்த்தால் அதே வரலாறு வேறு விதமாகத் தெரியும்.

1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ஓர் அங்கமாக 1997இல் வந்தது விவேகப் பள்ளித் திட்டம். 1999 முதல் 2002 வரை ஏறத்தாழ 90 பள்ளிகளில் முன்னோட்டம் நடந்தது, பெரும்பாலானவை இடைநிலைப்பள்ளிகள். பல பள்ளிகளில் 'விவேகம்' என்பது ஒரே ஒரு கணினிக்கூடம்தான். மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கு மென்பொருள்கள் உருவாயின. தமிழுக்கு இல்லை. இத்தனைக்கும் தமிழைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகளில் மலேசியர்களும் உண்டு. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது 2001இல். கருவி கையிலிருந்தும் இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பு வெளியிலேயே நின்றது.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. முதலாம் ஆண்டு, படிவம் ஒன்று, ஆறாம் படிவக் கீழ்நிலை என மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தொடக்கம். அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, படவீழ்த்தி, குறுந்தட்டு எல்லாம் கிடைத்தன. சற்று எண்ணிப் பாருங்கள். 2002 வரை ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த தோட்டத்துப் பிள்ளை, மறு ஜனவரியில் தானா ராத்தா போன்ற ஊரிலுள்ள இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. பள்ளியின் மொழி மலாய். திரையில் ஓடுவதோ 'ஃபோட்டோசிந்தசிஸ்'. அசையும் படங்கள் ஓரளவு கைகொடுத்திருக்கலாம். இரண்டு மொழிகளைத் தாண்டும் வேலையை அவை செய்துவிட முடியாது. அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது.

அடுத்து, 2011இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணைக்கும் 'ஒன் பெஸ்தாரிநெட்'. அதன் மெய்நிகர் கற்றல் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2014இல் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை காட்டியது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. 2020இல் அந்த இடத்துக்கு 'டெலிமா' தளம் வந்தது.

அதே ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பள்ளிகளை மூடியது. கல்வியமைச்சின் ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை எனத் தெரிந்தது. சபாவில் ஒரு மாணவி இணையம் தேடி மரத்தின்மேல் ஏறியதை நாடே பார்த்தது.

மலைநாட்டின் சிக்கல் இதுதான்: கைப்பேசி அலைகள் மலையைத் துளைத்து வருவதில்லை. உச்சியிலுள்ள ஒலிபரப்புக் கோபுரம் வீட்டுக்குப் படம் அனுப்பும். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திரும்பப் பெறாது. அதற்குப் பள்ளத்தாக்கின் வளைவுகளுக்குள் தனிக் கோபுரங்களோ கண்ணாடியிழைக் கம்பிகளோ வேண்டும். வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியைத் தகப்பனார் வேலைக்குக் கொண்டு போய்விட்டால் காலைப் பாடம் மாலையில்தான் தொடங்கும்.

2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி அறிவிக்கப்பட்டது. எந்தப் பள்ளிக்கு எத்தனை என்று கணக்கிடும்போதே, மாணவர் வீட்டில் இணையம் எத்தனை கோடு காட்டுகிறது என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.