வயலில் தனியாக கிடக்கும் முயல் குட்டி... தூக்கலாமா? காட்டு முயலை அடையாளம் காண்பது எப்படி?

கடலைக்காட்டில் களை எடுக்கும்போதோ, புல் அறுக்கும்போதோ குட்டி முயல் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கும். "பாவம், தாய் விட்டுட்டு போயிடுச்சு" என்று பலர் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் குட்டியை தாய் கைவிட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஏன்? பார்க்கலாம்.

வீட்டு முயல் வேறு, காட்டு முயல் வேறு

கூண்டில் வளர்க்கும் முயல்களின் பூர்வீகம் ஐரோப்பா. அந்த இனம் மண்ணில் வளை தோண்டி வாழும். நம்ம ஊர் வயல், புதர், கரடுகளில் ஓடுவது இந்திய முயல். இது வளை தோண்டாது.

பார்த்ததும் கண்டுபிடிப்பது எப்படி?

* உடல் பழுப்பு நிறம், முதுகில் கறுப்பு கலந்திருக்கும். வயிறு வெள்ளை.
* தென்னிந்தியாவில் காணப்படும் முயலுக்கு பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். இதுதான் முக்கிய அடையாளம்.
* வாலின் மேல்பக்கமும் கறுப்பு.
* காதுகள் நீளம். பின்னங்கால்களும் நீளம்.

ஆளைக் காணோம், தடம் மட்டும் இருக்கா?

முயல் பெரும்பாலும் இரவில்தான் மேயும். அதனால் காலையில் தடயங்கள்தான் கண்ணில் படும்.

கால்தடம்: பெரிய பின்னங்கால் தடங்கள் இரண்டும் முன்னால் பக்கம் பக்கமாக இருக்கும். சிறிய முன்னங்கால் தடங்கள் அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்திருக்கும். தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழுவதே காரணம்.

புழுக்கை: உருண்டையாக, லேசாகத் தட்டையாக இருக்கும். உடைத்தால் காய்ந்த புல் நார் தெரியும். ஆட்டுப் புழுக்கை சற்று நீளவாக்கில் இருக்கும்.

படுத்த இடம்: புதர் ஓரத்தில் புல் அமுங்கி சிறு பள்ளமாகத் தெரியும்.

கடித்த செடி: தண்டு கத்தியால் சாய்வாக வெட்டியது போல இருக்கும்.

குட்டி மட்டும் ஏன் தனியாக இருக்கிறது?

வீட்டு முயல் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயல் குட்டியோ பிறக்கும்போதே முடியோடு, திறந்த கண்ணோடு இருக்கும். தாய் பகலில் தள்ளியே இருக்கும். கூடவே இருந்தால் நாய், நரிக்கு இடம் தெரிந்துவிடும். இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். குட்டி அசையாமல் இருப்பதும் தப்பிக்கும் உத்திதான்.

அப்படி பார்த்தால் என்ன செய்யணும்?

தொடாமல் விலகிவிடுங்கள். நாய்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். அறுவடை இயந்திரம் ஓடும் வயல் என்றால், கையில் ஒரு கைப்பிடி புல்லோடு சேர்த்து எடுத்து, பக்கத்து வரப்பில் மறைவாக வைக்கலாம். காயம் இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு தகவல் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இந்திய முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேட்டையாடுவது, பிடித்து வளர்ப்பது, கறியை விற்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். திருவிழாவுக்காக நடக்கும் முயல் வேட்டைக்கும் விலக்கு கிடையாது.